பிரான்ஸ் கிராமப்புறச் சரளைப் பாதைகளில் சைக்கிள்: முதன்முறை இறங்குபவர்களுக்கு

பிரான்ஸில் கிராவல் சைக்கிளுக்கென்று, அதாவது சரளையில் ஓட்டுவதற்கான அகல டயர் சைக்கிளுக்கென்று, யாரும் பாதை போட்டு வைக்கவில்லை. நாம் ஓட்டுகிற சரளைப் பாதை எல்லாமே வேறு யாரோ வேறு வேலைக்காகப் போட்டது. படகு இழுத்த குதிரைக்காகப் போட்டது ஒன்று, பழைய ரயில் தடம் ஒன்று, அரசர்கள் வேட்டைக்குப் போக வெட்டிய காட்டுச் சாலை ஒன்று, அப்புறம் மர லாரிக்கும் திராட்சைத் தோட்டத்து டிராக்டருக்கும் ஆட்டு மந்தைக்கும் போட்டவை. ஒரு பாதை யாருக்காகப் போடப்பட்டது என்று தெரிந்துவிட்டால் அது எவ்வளவு ஏறும், மழை பெய்தால் என்ன ஆகும், எங்கே திடீரென்று முடிந்துபோகும் என்பதில் பாதிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கால் பலமும் விலை உயர்ந்த வண்டியும் அப்புறம்தான்.

ஆகவே எடுத்த எடுப்பில் யாரோ பழகிய ஆள் பதிவேற்றிய 120 கிலோமீட்டர் மலைப் பாதையை இறக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். முதலில் காட்டுச் சாலை, அடுத்து கால்வாய்க் கரை, பிறகு திராட்சைத் தோட்டங்கள், கடைசியில் தெற்கே இருக்கும் சுண்ணாம்புப் பீடபூமி. இந்த வரிசையில் போனால் ஒவ்வொன்றிலும் ஒரு புது விஷயம் பழகும், எதுவும் மொத்தமாகத் தலையில் விழாது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம்

கிராவல் சைக்கிள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் வீட்டில் இருக்கும் மவுண்டன் பைக்கோ, 38 மில்லிமீட்டருக்கு மேல் டயர் நுழைகிற பழைய டூரிங் வண்டியோ போதும். செலவு செய்வதாக இருந்தால் டயரில் செய்யுங்கள். 40 முதல் 45 மில்லிமீட்டர் அகலம் பிரான்ஸ் பாதைகளுக்குச் சரியாக இருக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உள்ளே டியூப் இல்லாத 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் 2 முதல் 2.5 பார் காற்று வைக்கலாம். உள்ளே டியூப் போட்டிருந்தால் கொஞ்சம் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். புதியவர்கள் பெரும்பாலும் காற்றை அதிகமாகவே அடித்துவிடுகிறார்கள். அப்படி அடித்தால் சரளையில் வண்டி துள்ளும், பிடிமானம் போகும், சாயங்காலம் கைமூட்டு வலிக்கும்.

நார்மண்டி மண்ணில் நிறைய சிக்கிமுக்கிக் கல் உண்டு. உடைந்த விளிம்பு பிளேடு மாதிரி டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும், சின்ன ஓட்டைகளை அடைக்க டயருக்குள் ஊற்றும் டியூப்லெஸ் திரவம் அதை அடைக்காது. பழைய டயரிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டிப் பையில் போட்டு வையுங்கள், கிழிந்த இடத்தில் உள்பக்கமாக வைத்து டியூப் போட்டால் வீடு வந்து சேரலாம். இரண்டு டியூப், பம்ப், டயர் கழற்றும் லீவர், ஒட்டுப்போடும் பொருட்கள், சங்கிலி இணைப்பு ஒன்று, மல்டி டூல், இவ்வளவும் எப்போதும் கூடவே இருக்கட்டும், ஏனென்றால் கிராமப்புறத்தில் சைக்கிள் கடை பக்கத்து ஊரில் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது.

வரைபடத்தைப் படிப்பது

இதற்கு நேரம் ஒதுக்குங்கள், ஓட்டுவதற்கு ஒதுக்கும் அதே அக்கறையோடு. பிரான்ஸின் தேசிய வரைபட நிறுவனமான ஐ.ஜி.என் வெளியிடும் 1:25,000 வரைபடம் உலகத்திலேயே நல்ல நடைப்பாதை வரைபடங்களில் ஒன்று என்பது என் எண்ணம். 4 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். இணையத்தில் அதை இலவசமாகப் பார்க்கலாம். அதில் மெல்லிய ஒற்றைக் கறுப்புக் கோடு தொடர்ச்சியாக இருந்தால் அது வயலுக்கோ காட்டுக்கோ வண்டி போகும் பாதை, நமக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான். புள்ளி புள்ளியாக விட்டுவிட்டு வரும் கோடு ஒற்றையடிப் பாதை. அதில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் நேரலாம்.

கோட்டைப் பார்த்தபின் அதே இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். இரண்டு வெள்ளைத் தடம், நடுவில் ஒரு பச்சைக் கீற்று தெரிகிறதா? அருமையான பாதை, டிராக்டர் அடிக்கடி போகிறது என்று அர்த்தம். முழுக்க வெள்ளையாக அகலமாக இருந்தால் லாரி போகும் காட்டுச் சாலை. மொத்தமும் பச்சையாக இருந்தால் வருடத்துக்கு ஓரிரு தடவைதான் யாராவது போகிறார்கள், ஜூன் மாதத்தில் அங்கே இடுப்பளவுக்குக் காஞ்சொறியும் முட்செடியும் நிற்கும். அரைக்கால் சட்டையில் அதற்குள் போய்விட்டு வந்தால் ராத்திரி முழுக்கக் கால் எரியும்.

பாதை திட்டமிடும் செயலிகளில் கோமூட் எல்லோருக்கும் தெரியும், பிரான்ஸில் ஓபன்ரன்னரும் நிறையப் பேர் பயன்படுத்துவது. இரண்டிலும் பாதை போடுவது சுலபம், ஆனால் செயலி போட்டுக் கொடுத்ததை அப்படியே நம்பாதீர்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தரவில் வண்டிப்பாதைகளுக்கு 1 முதல் 5 வரை தரம் உண்டு. 1 என்றால் கெட்டியான தளம், 5 என்றால் வெறும் மண்ணும் புல்லும். புதியவர்கள் 1, 2, 3 ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். 4, 5 வந்தால் பக்கத்தில் போகிற சின்னத் தார்ச் சாலைக்கு மாறுங்கள். பிரான்ஸின் கிராமங்களை இணைக்கும் அந்தச் சிறு சாலைகளில் கார் வருவது அபூர்வம், அவற்றில் ஓட்டுவதும் சுகம்தான்.

வழியில் மரத்திலும் கல்லிலும் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பட்டை தீட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஜி.ஆர் எனப்படும் நெடுந்தூர நடைப்பாதைக்கான அடையாளம் அது. மஞ்சள் பட்டை என்றால் உள்ளூர் நடைப்பாதை. சில இடங்களில் இவை நல்ல வண்டிப்பாதையில்தான் போகும், ஆனால் கால்நடையாகப் போகிறவர்களை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தவை என்பதால் படிக்கட்டு, பாறை, செங்குத்து இறக்கம் எதுவும் வரலாம். ஜி.ஆர் பாதையை மட்டும் வைத்துக்கொண்டு சைக்கிள் பயணம் திட்டமிடாதீர்கள்.

தனியார் நிலம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ‘ஷெமேன் ரூரால்’ என்று குறிப்பிடப்படும் ஊர்ப் பாதைகள் பொதுமக்களுக்கு உரியவை, தடை அறிவிப்பு இல்லாதவரை சைக்கிளில் போகலாம். ‘ப்ரொப்ரியெத்தே ப்ரிவே’ என்று பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். 2023 பிப்ரவரியில் வந்த சட்டத்தின்படி, தனியார் நிலம் என்று தெளிவாகக் காட்டியிருக்கும் காட்டிலோ வயலிலோ அனுமதியில்லாமல் நுழைந்தால் அபராதம் போடலாம்.

முதல் நாள்: கொம்பியேன் காடு

பாரிஸில் இருப்பவர்களுக்கு முதல் தடவைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கார் து நோர் நிலையத்தில் இருந்து தெ.எ.எர் எனப்படும் வட்டார ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கத்திலேயே இருப்பதால், நம் கடைகளில் முந்தைய நாளே ஒரு பொட்டலம் வாங்கிக் கட்டிவைத்துக்கொண்டால் மதியச் சாப்பாட்டுக் கவலையும் இல்லை.

14,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்த காடு இது. அரசர்களும் பிறகு பேரரசர்களும் வேட்டையாடிய இடம். குதிரையில் வேகமாகப் போகவும், எந்தப் பக்கம் மான் ஓடுகிறது என்று தூரத்திலிருந்தே பார்க்கவும் வேண்டும் என்பதால் காட்டுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி நேரான சாலைகளை வெட்டி, ஆறும் எட்டுமாக ஒரே சந்திப்பில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சந்திப்புகளில் நட்சத்திரத்தின் நடுவில் நிற்பது மாதிரி இருக்கும், எல்லாத் திசையும் ஒரே மாதிரி தெரியும். புதியவர்கள் வழி தவறுவது இங்கேதான். அதற்கும் ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு வெள்ளைக் கம்பம், அதில் சாலைகளின் பெயர்கள், கம்பத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு சிவப்புக் குறி. அந்தக் குறி இருக்கும் பக்கம் கொம்பியேன் அரண்மனை. போனில் சார்ஜ் தீர்ந்தாலும் சிவப்பைப் பார்த்து ஓட்டினால் ஊருக்கு வந்துவிடலாம்.

ரயில் நிலையத்திலிருந்து அரண்மனையைத் தாண்டி, நெப்போலியன் தன் மனைவி மரி-லூயீஸுக்காக வெட்டச் சொன்ன பொமோன் மரச்சாலையைப் பார்த்துவிட்டு, வியூ-முலேன் கிராமத்துக்குப் போங்கள். அங்கிருந்து சேன்-பியர் குளங்கள் வழியாகப் பியர்ஃபோன். காட்டை விட்டு வெளியே வந்ததும் பியர்ஃபோன் கோட்டை கண்முன் நிற்கும். மூன்றாம் நெப்போலியனுக்காகக் கட்டடக் கலைஞர் வியோலெ-லெ-துக் 19ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியெழுப்பியது. திரும்பும்போது சேன்-ஜான்-ஓ-புவா வழியாக வந்தால் மொத்தம் 40 கிலோமீட்டரை ஒட்டி வரும். தளம் பெரும்பாலும் கெட்டியான சரளை, நடுநடுவே மணல். மணலில் முன்சக்கரத்தைத் திருப்ப முயன்றால் விழுவீர்கள். எடையைப் பின்னால் தள்ளி, கைப்பிடியை இறுக்காமல், மிதிப்பதை நிறுத்தாமல் நேராகப் போய்விடுங்கள். இதை இங்கே பழகிக்கொண்டால் பிறகு எங்கேயும் பயமில்லை.

மரம் வெட்டும் வேலை நடக்கும் இடத்தில் பலகை வைத்திருப்பார்கள், அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஓரமாக அடுக்கியிருக்கும் மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது, அவை உருளும். கனரக இயந்திரம் போன தடத்தில் குளிர்காலச் சேறு முழங்கால் வரைக்கும் இருக்கும், அப்போது சுற்றிப் போவதே வேகமான வழி. இன்னொன்று உண்ணி. லைம் நோயைக் கொண்டுவரக்கூடியது, வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள்.

கால்வாய்க் கரைகள்

படகைக் கரையிலிருந்து குதிரையோ மனிதரோ கயிறு கட்டி இழுத்த காலத்துப் பாதைகள் இவை. தண்ணீர் மட்டமாக நிற்க வேண்டும், ஆகவே பாதையும் மட்டமாகவே போகும். படகை ஏற்றி இறக்கும் மதகுப்பூட்டு வரும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன ஏற்றம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஓட்டிப் பார்க்க விரும்பும் புதியவருக்குக் கால்வாயைத்தான் சொல்வேன்.

பிரித்தானி பக்கம் நாந்த்–பிரெஸ்ட் கால்வாய் 364 கிலோமீட்டர். பெரும்பகுதிக்குக் கெட்டியாக அழுத்திய மணல் தளம், மழை பெய்தாலும் சீக்கிரம் வடிந்துவிடும். பாரிஸிலிருந்து ரயிலில் ரெதோன் போய் இறங்கி, மாலெத்ருவா, ஜொஸ்லேன், ரோஹான் வழியாகப் போந்திவி வரை ஓட்டுவது முதல் நெடும்பயணத்துக்கு நல்ல அளவு. ஜொஸ்லேனில் ஆற்றோரமாகக் கோட்டையின் கோபுரங்கள் நிமிர்ந்து நிற்கும், சைக்கிளை அந்தப் பக்கக் கரையில் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஒரு எச்சரிக்கை: போந்திவிக்குப் பயணிகள் ரயில் இல்லை, ஆகவே திரும்பி வருவதைக் கிளம்பும் முன்பே யோசித்து வையுங்கள்.

தெற்கே மிடி கால்வாய். துலூஸிலிருந்து செத் வரை 240 கிலோமீட்டர். பியர்-போல் ரிக்கே என்பவர் 1666இல் தொடங்கிய வேலை, அவர் இறந்த மறுவருடம் 1681இல் முடிந்தது. 1996 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. துலூஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டருக்குத் தார் போட்ட சைக்கிள் பாதை, குழந்தைகளும் ஓட்டலாம். ஓட் மாவட்டத்துக்குள் போனதும் கதை மாறும். சில பகுதிகளைச் சீரமைத்திருக்கிறார்கள், மற்ற இடங்களில் ஒற்றைத் தடமாக மண், அதன் குறுக்கே கரையோர நிழல் மரங்களான பிளாத்தான்களின் வேர்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் போட்டுக் கணக்குப் பண்ணியவர்கள் இங்கே 12க்கு இறங்கிவிடுவார்கள். அந்தப் பிளாத்தான் மரங்களையே பூஞ்சை நோய் ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. 2006இல் கால்வாயோரத்தில் கண்டுபிடித்ததிலிருந்து ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரித்து, வேறு இன மரங்களை நடுகிறார்கள். ஆகவே புகைப்படத்தில் பார்த்த நிழல் நேரில் எல்லா இடத்திலும் இருக்காது, ஜூலையில் தலைக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும்.

மிடி கால்வாயில் ஏற்றம் இல்லை, காற்று உண்டு. மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசுவது செர்ஸ், தென்கிழக்கிலிருந்து வீசுவது ஒத்தான். இரண்டும் நாள் கணக்கில் அடிக்கக்கூடியவை. எதிர்க்காற்றில் சமதளத்தில் ஓட்டுவது மலை ஏறுவதைவிடச் சோர்வு, மலைக்கு உச்சி என்று ஒன்று உண்டு. முந்தைய நாள் வானிலை பார்த்து, செர்ஸ் என்றால் துலூஸிலிருந்து கடலை நோக்கியும், ஒத்தான் என்றால் மறுபக்கமிருந்தும் கிளம்புங்கள். ரயில் பாதை கால்வாய்க்கு அருகிலேயே போவதால் காஸ்தெல்னொதாரி, கார்கசோன், பெசியே என்று எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கிக்கொள்ளலாம்.

ஆனால் எனக்கு முக்கியக் கால்வாயைவிட அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் சின்ன வாய்க்கால்தான் பிடிக்கும். அட்லாண்டிக் பக்கம் ஒரு சரிவு, மத்தியதரைக் கடல் பக்கம் ஒரு சரிவு, இரண்டுக்கும் நடுவில் நொரூஸ் என்ற மேட்டில் கால்வாயின் உச்சி, கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர். அந்த உச்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் ரிக்கேவின் முன்னால் இருந்த கேள்வி. அவர் மோந்தாஞ் நுவார் மலையின் ஓடைகளைத் திருப்பி, சேன்-ஃபெரியோலில் அணை கட்டித் தேக்கி, வாய்க்கால் வெட்டி நொரூஸுக்குக் கொண்டுவந்தார். அந்த வாய்க்காலின் சமவெளிப் பகுதியான ரிகோல் து லா ப்ளேன் கரையில் மண்ணும் சரளையுமாக ஒரு பாதை போகிறது. நொரூஸிலிருந்து ரெவெல் பக்கம் வரை 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீர் தானாக ஓடிவரும்படி வெட்டியதால், நீங்கள் எதிர்த்திசையில் போகும்போது ஏறுகிறீர்கள் என்பதே தெரியாது. வாய்க்கால் ஒவ்வொரு குன்றின் இடுப்பையும் சுற்றிச் சுற்றிப் போகும், ஒரு பக்கம் கோதுமையும் சூரியகாந்தியும், தலைக்கு மேல் மரநிழல். ரெவெலில் சனிக்கிழமைச் சந்தை கூடும் அன்று போய்ச் சேருங்கள், மறுநாள் சேன்-ஃபெரியோல் ஏரியைச் சுற்றிவிட்டு காஸ்தெல்னொதாரியில் ரயில் ஏறலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். லொராகே பகுதியின் களிமண் டயரில் ஒட்டி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவே விடாது. ஒரு குச்சியால் நோண்டி எடுத்தால் பத்தடியில் திரும்ப அடைத்துக்கொள்ளும்.

பழைய ரயில் தடங்களை ‘வுவா வெர்த்’ என்று பசுமைப் பாதைகளாக மாற்றியிருக்கிறார்கள். ரயில் எஞ்சின் செங்குத்தாக ஏறாது, ஆகவே சரிவு எப்போதும் லேசாகத்தான் இருக்கும். புர்கோஞ்சில் ஜிவ்ரிக்கும் குளுனிக்கும் நடுவே 1997இல் திறந்த 44 கிலோமீட்டர்தான் நாட்டின் முதல் பசுமைப் பாதை. அது வழவழப்பான தளம், சரளை இல்லை, ஆனால் அதிலிருந்து இருபுறமும் திராட்சைத் தோட்டங்களுக்குள் நுழையலாம். குளுனிக்குத் தெற்கே புவா-கிளேர் குகைப்பாதை 1.6 கிலோமீட்டர் நீளம், உள்ளே வெயில் காலத்திலும் குளிரும், மேல்சட்டை ஒன்று வேண்டும். குளிர்காலத்தில் வௌவால்களுக்காக அதை மூடிவிடுவார்கள், அப்போது மேலே கணவாய் வழியாக ஏறிப் போக வேண்டும். சரளைத் தளம் வேண்டுமென்றால் பாரிஸ்–மோன்-சேன்-மிஷேல் பாதையில் வரும் பெர்ஷ் பகுதியின் பசுமைப் பாதை நல்லது. நோஜான்-லெ-ரோத்ரு வரை ரயிலில் போய் அங்கிருந்து தொடங்கலாம்.

திராட்சைத் தோட்டங்கள்

இதுவரை சமதளம். இனி ஏற்றம். தோட்டப் பாதை டிராக்டருக்கானது, டிராக்டருக்கு வளைந்து நெளிந்து போக நேரமில்லை, சரிவில் நேராகவே ஏறும். மிகச் செங்குத்தான இடங்களில் மண் அரிக்காமலிருக்க காங்கிரீட் போட்டிருப்பார்கள், அதைத் தூரத்திலிருந்து பார்த்தாலே 15 சதவீதத்துக்குத் தயாராகிவிடுங்கள். முன்பல்சக்கரத்திலும் பின்பல்சக்கரத்திலும் பற்கள் சமமாகவாவது இருக்கும் கியர் இல்லையென்றால் இறங்கித் தள்ளுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

2024 டூர் து பிரான்ஸின் ஒன்பதாவது கட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாதைகள் தெரிந்திருக்கும். த்ருவாவில் தொடங்கி த்ருவாவிலேயே முடிந்த அந்த நாளில் 14 வெள்ளைச் சரளைப் பகுதிகள், மொத்தம் 32 கிலோமீட்டர், வென்றவர் அந்தோனி துர்ஜிஸ். பாரிஸ்–தூர் பந்தயமும் 2018 முதல் வுவ்ரே பக்கத்துத் தோட்டப் பாதைகளுக்குள் போகிறது. அந்த வெள்ளை நிறம் சுண்ணாம்பு. காய்ந்திருந்தால் வண்டி பறக்கும், முன்னால் போகிறவரின் புழுதி மட்டும் உங்கள் வாய்க்குள் வரும். நனைந்தால் பசை மாதிரி ஆகி பிரேக், கியர், சங்கிலி எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். காய்ந்துபோனால் கழுவுவது பெரும்பாடு, ஆகவே அன்றே தண்ணீர் விடுங்கள்.

அறுவடைக் காலம் பெரும்பாலும் செப்டம்பரில் வரும். அப்போது பாதை முழுக்க வேன்களும் டிராக்டர்களும் ஆட்களும். அவர்கள் வேலை செய்கிறார்கள், நாம் ஊர் சுற்றுகிறோம், ஒதுங்கி நின்று வழிவிட்டு ஒரு ‘போன்ஜூர்’ சொல்லுங்கள். மருந்து அடித்துக்கொண்டிருக்கும் தோட்டத்துக்குள் போகவே வேண்டாம். பழத்தைப் பறிக்காதீர்கள், ஒரு கொத்துகூட.

கோஸ் மெஜான்

ஓரளவு பழகிய பிறகு போக வேண்டிய இடம். மாசிஃப் சென்ட்ரலின் தெற்கு ஓரத்தில் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் மரமில்லாத சுண்ணாம்புப் பீடபூமி, சுற்றிலும் தார்ன், ஜோந்த் ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகள். ஃப்ளோராக்கிலிருந்தோ சேன்த்-எனிமியிலிருந்தோ மேலே ஏறினால் சுமார் 500 மீட்டர் ஏற்றம், அதைத் தார்ச் சாலையில் மெதுவாக முடித்துவிடுங்கள். மேலே போனதும் ஆடு போன பாதைகளும் பண்ணைப் பாதைகளும் அடிவானம் வரை நீளும். வில்லாரே கிராமத்துப் பக்கம் ப்ஷெவால்ஸ்கி காட்டுக் குதிரைகள் மேயும், 1981 முதல் திரும்பக் கொண்டுவந்துவிட்ட பிணந்தின்னிக் கழுகுகள் ஜோந்த் பள்ளத்தாக்கின் மேல் வட்டமிடும்.

அழகுக்கு ஈடாக ஒரு ஆபத்து. மேலே ஓடையே கிடையாது. பெய்கிற மழை எல்லாம் சுண்ணாம்புக்குள் இறங்கிவிடும். ஆடுகளுக்காகக் கல் பாவிய குட்டைகள் உண்டு, அந்தத் தண்ணீர் நமக்கு ஆகாது. கீழேயே மூன்று லிட்டர் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். இடி வந்தால் ஒதுங்க இடமில்லை, ஆகவே கோடையில் காலையிலேயே ஓட்டி முடியுங்கள். மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்களை, மலைப்பகுதிகளில் எங்கே பார்த்தாலும், உடனே சைக்கிளிலிருந்து இறங்குங்கள். நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளை வைத்து, குரல் உயர்த்தாமல், மந்தையை அகலமாகச் சுற்றி நடந்து போய்விடுங்கள். வேகமாக ஓட்டித் தப்பிக்க நினைப்பதுதான் பெரிய தவறு.

சாப்பாடும் தண்ணீரும்

பிரான்ஸ் கிராமத்தில் பசியோடு மாட்டிக்கொள்வது ரொம்பச் சுலபம். சின்ன ஊர்க் கடைகள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் மூடி மூன்று மணி வாக்கில்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு எதுவும் இருக்காது. நிறைய ரொட்டிக் கடைகளுக்குத் திங்கள் விடுமுறை. உணவகத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை, இரண்டு மணிக்குப் போய்க் கேட்டால் அடுப்பு அணைந்திருக்கும். ஆகவே காலையில் ரொட்டிக் கடை திறந்திருக்கும்போதே சாயங்காலத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். பன்னிரண்டு மணிக்கு எந்த ஊரில் இருப்பீர்கள் என்பதை வரைபடத்தில் குறித்துக்கொண்டு அதற்கேற்ப வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போவது நல்லது, கிராமத்து உணவகத்தில் ஆம்லெட்டும் சாலடும் தவிர வேறு வழி இருப்பது அரிது.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும், தேவாலயத்தை ஒட்டியோ ஊரின் ஓரத்திலோ. வரைபடத்தில் சின்னச் சிலுவைகள் போட்ட கட்டம். இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் பெரும்பாலும் மதில் ஓரமாக, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பச்சை வாளிகள் மாட்டியிருக்கும் இடத்தில் குழாய் இருக்கும். ‘ஓ நோன் போத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. சைக்கிளை வெளியே விட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் போய் நிரப்பிக்கொண்டு, குழாயை இறுக மூடி, கதவையும் சாத்திவிட்டு வாருங்கள். உள்ளே யாராவது இருந்தால் தலையசைத்து வணக்கம் சொல்லுங்கள், துக்கத்தில் வந்தவர்களாக இருக்கலாம். குளிர்காலத்தில் குழாய் உறையாமலிருக்கத் தண்ணீரை நிறுத்திவிடும் ஊர்களும் உண்டு.

ரயில், வேட்டை, சட்டம்

தெ.எ.எர் ரயில்களில் சைக்கிளைப் பெரும்பாலும் இலவசமாக ஏற்றலாம், ஆனால் விதி வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், சிலவற்றில் கோடையில் முன்பதிவு கேட்பார்கள். தெ.ஜெ.வே அதிவேக ரயிலில் சைக்கிளுக்கான இடம் எல்லா வண்டியிலும் இல்லை, இருக்கிற வண்டியிலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். சக்கரங்களைக் கழற்றி உறைக்குள் போட்டால் சாமானாகக் கொண்டுபோகலாம். பாரிஸ் சுற்றுவட்டார ரயில்களில் வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4.30 முதல் 7.30 வரையும் சைக்கிள் கூடாது.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைக் காலம், ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகம். ‘ஷாஸ் ஆன் கூர்’ (வேட்டை நடக்கிறது) என்ற பலகையைப் பார்த்தால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். குண்டு தூரம் போகும். இந்த மாதங்களில் காட்டுக்குள் போனால் ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கறுப்பும் பழுப்பும் வேண்டவே வேண்டாம். தெற்கே கோடையில் காட்டுத்தீ அபாயம் அதிகமுள்ள நாட்களில் நிர்வாகம் காடுகளையே மூடிவிடும், மாவட்ட நிர்வாகத் தளத்தில் அன்றன்றைய வரைபடம் போடுவார்கள்.

மணியும் விளக்கும் கட்டாயம். இரவில் ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை கட்டாயம். 12 வயதுக்குக் கீழே தலைக்கவசம் கட்டாயம், பெரியவர்களுக்குச் சட்டம் சொல்லாவிட்டாலும் போடுங்கள். காதில் இயர்ஃபோன் மாட்டி ஓட்டினால் 135 யூரோ அபராதம். கிராமச் சந்திப்புகளில் பலகை எதுவும் இல்லையென்றால் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அது ஒரு சின்னச் சந்திலிருந்து வரும் டிராக்டராக இருந்தாலும். விழுந்து அடிபட்டால் 112. பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் கிடைக்காது, ஆகவே தனியாகப் போகிறவர்கள் போகும் பாதையின் ஜி.பி.எக்ஸ் கோப்பை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு, எந்த ரயிலில் திரும்புவீர்கள் என்பதையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.